மூன்றரை மீட்டர் கார் போதுமா?

வாசகர் கேள்வி – பதில்

நான்கு மீட்டருக்குள் அடங்கும், 1,200 சிசிக்கு மிகாத பெட்ரோல் கார்களின் ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் 28 சதவீத வரியும், அதன் மேல் 1 சதவீத இழப்பீட்டு வரியும் இருந்தன. அந்த நாளிலிருந்து சிறிய கார்களைப் பற்றிய கடிதங்கள் மேசையில் குவிந்தவண்ணம் இருக்கின்றன. விலை, தவணை, தள்ளுபடி பற்றிய கேள்விகளை ஒதுக்கிவிட்டு, மூன்று மீட்டரிலிருந்து மூன்றே முக்கால் மீட்டர் வரை நீளமுள்ள கார்கள் நகரத்தில் எந்த அளவுக்கு உதவும், ஆபத்து வந்தால் எந்த அளவுக்குக் காக்கும் என்று கேட்டவர்களுக்கு மட்டும் இம்முறை பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: முப்பது ஆண்டுகள் ஸ்கூட்டரிலேயே ஓடிவிட்டன. மனைவிக்கு முழங்கால் வலி வந்தபின் அவரால் பின்னிருக்கையில் ஏறி உட்கார முடியவில்லை. மாட வீதியை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருக்கிறோம். எங்களுக்கு ஒதுக்கப்பட்ட பார்க்கிங் இடம் இரண்டு தூண்களுக்கு நடுவே உள்ளது. கிடைப்பதிலேயே சிறிய காரை வாங்கலாமா? “அதெல்லாம் தகர டப்பா” என்கிறான் மகன்.
— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மயிலாப்பூர்

பதில்: முதலில் சந்தையும் தூணையும் பார்த்துவிடுவோம். தகர டப்பாவைப் பற்றி அடுத்த கேள்விக்கான பதிலில் சொல்கிறேன்.

சிறிய கார் என்றதும் எல்லோரும் நீளத்தையே பார்க்கிறார்கள். தூண்களுக்கு நடுவே நிறுத்த வேண்டிய உங்களுக்கு நீளத்தைவிட அகலமே முக்கியம். மாருதி ஆல்டோ கே10 காரின் அகலம் 1,490 மில்லிமீட்டர். எம்ஜி காமெட் என்ற மின்சாரக் கார் 1,505. வேகன் ஆர் 1,620. டாடா டியாகோ 1,677. டாடா பஞ்ச் 1,742. உங்கள் தூண்களுக்கு இடையே 2.3 மீட்டர் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஆல்டோவை நடுவில் நிறுத்தியபின் இருபுறமும் தலா நாற்பது சென்டிமீட்டர் மிஞ்சும்; பஞ்ச் நிறுத்தினால் இருபத்தெட்டுதான் மிஞ்சும். நாற்பது சென்டிமீட்டரில் கதவை ஒருக்களித்துத் திறந்து ஒருவாறு இறங்கிவிடலாம். இருபத்தெட்டில் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டியிருக்கும். ஆகவே ஷோரூமுக்குப் போவதற்கு முன் ஓர் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு தூணுக்குத் தூண் எவ்வளவு என்று அளந்துவிடுங்கள். கதவு திறக்கும் இடத்தில் தூண் வருகிறதா, அதைத் தாண்டி முன்னாலோ பின்னாலோ வருகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கிடைப்பதிலேயே சிறியது என்று பார்த்தால் அது காமெட்தான். அதன் நீளம் 2,974 மில்லிமீட்டர், மூன்று மீட்டர்கூட இல்லை. திருப்பு ஆரம் 4.2 மீட்டர் என்பதால் மயிலாப்பூர்ச் சந்துகளில் ஒரே வளைப்பில் திரும்பிவிடும். ஆனால் அதற்கு இரண்டே கதவுகள். இரண்டு கதவு வண்டிகளில் கதவு நீளமாக இருக்கும், நீளமான கதவு திறக்கப் பக்கவாட்டில் கூடுதல் இடம் கேட்கும். பின்னிருக்கைக்குப் போக முன்னிருக்கையை மடக்கி, குனிந்து, காலைத் தூக்கி வைத்து ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ள ஒருவர் என்றென்றும் முன்னிருக்கையில்தான் உட்காருவார் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே அந்தக் காரைப் பற்றி யோசியுங்கள்.

முழங்காலைப் பொறுத்தவரை இருக்கையின் உயரமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. தாழ்ந்த இருக்கை கொண்ட ஆல்டோவில் உட்காரும்போது உடலைக் கீழே இறக்கி, எழும்போது முழங்காலை ஊன்றித்தான் எழ வேண்டும். உயரமாகக் கட்டப்பட்ட வேகன் ஆரில் ஏறத்தாழ நாற்காலியில் உட்காருவதுபோல் உட்கார்ந்து எழலாம். இதைக் காகிதத்தில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. உங்கள் மனைவியை ஷோரூமுக்கு அழைத்துச் சென்று பத்து முறையாவது ஏறி இறங்கச் சொல்லுங்கள். பெரும்பாலான வீடுகளில் கணவர் ஓட்டிப் பார்த்து முடிவெடுக்கிறார். வண்டியின் குறை அதில் உட்காருபவருக்குத்தான் தெரியவருகிறது.

கேள்வி: பெரிய எஸ்யூவி ஒன்று நான்கு நட்சத்திரம் வாங்குகிறது, சிறிய கார் ஒன்றும் நான்கு நட்சத்திரம் வாங்குகிறது. இரண்டும் நேருக்கு நேர் மோதினால் இரண்டிலும் இருப்பவர்களுக்கு ஒரே அளவு பாதுகாப்பு என்று பொருளா?
— இயற்பியல் ஆசிரியை, கோயம்புத்தூர்

பதில்: இல்லை. உந்தத்தைப் பற்றி உங்களிடம் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்.

கார்களை மோதவிட்டுச் சோதித்து நட்சத்திரம் தரும் குளோபல் என்கேப், 2023 அக்டோபரில் தொடங்கிய நம் நாட்டின் பாரத் என்கேப் ஆகிய இரண்டும் காரை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில், அதன் முன்பக்க அகலத்தில் நாற்பது சதவீதம் மட்டும் படும்படி, நசுங்கக்கூடிய ஓர் அலுமினியத் தடுப்பின்மீது மோதவிடுகின்றன. அந்தத் தடுப்பு அசையாமல் நிற்பதால், கார் கொண்டுவரும் ஆற்றல் எவ்வளவோ அவ்வளவைத்தான் அதன் கூடு தாங்க வேண்டியிருக்கிறது. அதாவது, தன் எடையே கொண்ட இன்னொரு கார் எதிரே வந்து மோதினால் என்ன ஆகும் என்பதைத்தான் அந்தச் சோதனை காட்டுகிறது. தன்னைப்போல் இரு மடங்கு எடையுள்ள வண்டி வந்தால் என்ன ஆகும் என்பதை அது காட்டுவதில்லை.

800 கிலோ எடையுள்ள காரும் 1,600 கிலோ எடையுள்ள எஸ்யூவியும் தலா 50 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொள்வதாகக் கொள்வோம். மோதியபின் இரண்டும் சேர்ந்து எஸ்யூவி போய்க்கொண்டிருந்த திசையில் ஏறத்தாழ 17 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். எஸ்யூவியில் இருப்பவர்களின் வேகம் கண்ணிமைக்கும் நேரத்தில் 50இலிருந்து 17ஆகக் குறைகிறது. மாற்றம் 33 கிலோமீட்டர். சிறிய காரில் இருப்பவர்களோ 50இலிருந்து நின்று, அதோடு முடியாமல் 17 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கித் தள்ளப்படுகிறார்கள். மாற்றம் 67 கிலோமீட்டர். உடலை வதைப்பது இந்த மாற்றம்தான். போதாக்குறைக்குச் சிறிய காரின் முன்பக்கமும் குட்டையானது; நசுங்கி நசுங்கி அடியை உள்வாங்க அதற்குக் கிடைக்கும் நீளம் குறைவு.

இதை அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் ஆதரவில் இயங்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2009ஆம் ஆண்டு கண்கூடாகக் காட்டியது. ஸ்மார்ட் ஃபோர்டூ, ஹோண்டா ஃபிட், டொயோட்டா யாரிஸ் ஆகிய மூன்று சிறிய கார்களையும், முறையே மெர்சிடிஸ் சி கிளாஸ், ஹோண்டா அக்கார்டு, டொயோட்டா கேம்ரி ஆகிய நடுத்தரக் கார்களோடு நேருக்கு நேர் மோதவிட்டார்கள். தடுப்பின்மீது மோதிய சோதனைகளில் மூன்று சிறிய கார்களும் நல்ல மதிப்பெண் பெற்றவை. பெரிய காருடன் மோதியபோது மூன்றுமே ‘மோசம்’ என்ற தரத்துக்கு இறங்கின. 2.7 மீட்டர் நீளமுள்ள ஸ்மார்ட் கார் காற்றில் எழும்பி ஒரு முழுச் சுற்றுக்கும் மேல் சுழன்று விழுந்தது. அந்த மூன்றும் மட்டமான கார்கள் அல்ல என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

இவ்வளவையும் படித்துவிட்டு எல்லாச் சிறிய கார்களும் ஒன்றுதான் என்று எண்ணிவிட வேண்டாம். 2020ஆம் ஆண்டு ஜனவரியில் டாடா டியாகோ குளோபல் என்கேப் சோதனையில் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் நான்கு நட்சத்திரம் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் மாருதி எஸ்-பிரஸ்ஸோ ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. சோதனைக்கு வந்த டியாகோவில் இரண்டு ஏர்பேக்குகள் இருந்தன, எஸ்-பிரஸ்ஸோவில் ஓட்டுநருக்கு மட்டுமே ஒன்று இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு கார்களுக்கும் நீளத்தில் இருபது சென்டிமீட்டர், ஏறத்தாழ ஒரு சாண், அவ்வளவுதான் வித்தியாசம். கூட்டின் வலிமையும் உள்ளே இருக்கும் சாதனங்களும் அந்த ஒரு சாணைவிடப் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகின்றன.

மயிலாப்பூர் அன்பரின் மகனுக்கும் இதுவே பதில்: சில சிறிய கார்கள் தகர டப்பாக்கள்தான், சில அப்படி அல்ல. ஆனால் ஷோரூமில் பலர் செய்வதுபோல் கதவின் தகட்டை விரலால் தட்டிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. வெளித்தகடு வண்டிக்குத் தோல் மாதிரி. அடியைத் தாங்குவது உள்ளே மறைந்திருக்கும் தூண்களும், கதவுக்குள் ஓடும் குறுக்குக் கம்பிகளும், தரைச் சட்டமும்தான்.

கேள்வி: ஸ்கூட்டரில் நான்கு பேர் போவதைவிட எவ்வளவு மட்டமான கார் என்றாலும் மேல்தானே? நானோவை ஏன் எல்லோரும் சேர்ந்து கவிழ்த்துவிட்டீர்கள்?
— வாசகர், மதுரை

பதில்: உங்கள் கேள்வியின் முதல் பாதியோடு எனக்கு உடன்பாடு உண்டு. 2022ஆம் ஆண்டு இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாடு முழுவதும் இறந்தவர்களில் 44.5 சதவீதத்தினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். கூரையும் சீட் பெல்ட்டும் நான்கு சக்கரமும் உள்ள எந்த வண்டியும், மழையில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று போகும் ஸ்கூட்டரைவிட நகர வேகத்தில் நிச்சயம் பாதுகாப்பானது. அப்படி ஒரு குடும்பத்தைப் பார்த்துத்தான் தமக்கு நானோவுக்கான எண்ணமே தோன்றியது என்று ரத்தன் டாடாவும் சொல்லியிருக்கிறார்.

2008 ஜனவரியில் தில்லியில் காட்சிக்கு வந்து, 2009 மார்ச்சில் விற்பனைக்கு அறிமுகமான நானோ, பொறியியலில் உண்மையாகவே புத்திசாலித்தனமான கார். பின்புறத்தில் 624 சிசி இரட்டை சிலிண்டர் எஞ்சின், ஒரே ஒரு வைப்பர், சக்கரத்துக்கு மூன்று நட்டுகள், 3.1 மீட்டர் நீளத்தில் நால்வர் நிமிர்ந்து உட்கார இடம். அதில் உட்கார்ந்து பார்த்தவர்கள் யாரும் அதன் உள்ளிடத்தைக் குறை சொன்னதில்லை. அதே சமயம், தொடக்கத்தில் வந்த நானோவுக்குப் பின்புறக் கதவு திறக்காது; பின்னிருக்கையை மடக்கித்தான் பையை வைக்க வேண்டும். குறைந்த விலைக்காகப் பட்ட சிரமங்களில் அதுவும் ஒன்று.

2014 ஜனவரியில் குளோபல் என்கேப் முதன்முறையாக ஐந்து இந்தியக் கார்களைச் சோதித்தது. நானோ, ஆல்டோ 800, ஹூண்டாய் ஐ10, ஃபோர்டு ஃபிகோ, வோக்ஸ்வாகன் போலோ ஆகிய ஐந்தும், ஏர்பேக் இல்லாத வகைகளில், பூஜ்ஜியம் வாங்கின. ஆனால் ஐந்து பூஜ்ஜியங்களும் ஒன்றல்ல. போலோவின் கூடு குலையாமல் நின்றது. இரண்டு ஏர்பேக் பொருத்திய போலோ நான்கு நட்சத்திரம் பெற்றது. நானோ, ஆல்டோ, ஐ10 ஆகியவற்றின் கூடுகள் குலைந்துபோனதால், அவற்றில் ஏர்பேக் வைத்தாலும் பயன் இராது என்று சோதித்தவர்கள் சொன்னார்கள்.

கேள்வியின் இரண்டாம் பாதியில்தான் எனக்கு வருத்தம். ஸ்கூட்டரோடு ஒப்பிடுவது வாங்குபவர் தம் மனத்தைத் தேற்றிக்கொள்ள உதவும்; அதையே உற்பத்தியாளர் தம் கடமையிலிருந்து தப்பும் வாதமாகப் பயன்படுத்துவதை ஏற்க முடியாது. காரை வாங்கியவர் அதை ஸ்கூட்டரின் வேகத்தில் ஓட்டுவதில்லை, ஸ்கூட்டர் போகும் தூரத்தோடு நிறுத்திக்கொள்வதும் இல்லை. 2018இல் உற்பத்தி நின்றுபோன நானோவை இந்தப் பூஜ்ஜியம் கவிழ்த்தது என்றும் நான் நினைக்கவில்லை. தீப்பிடித்த சில சம்பவங்களும், எல்லாவற்றுக்கும் மேலாக ‘உலகத்திலேயே மலிவான கார்’ என்ற பெயரும் அதைக் கவிழ்த்தன. நம் ஊரில் கார் வாங்குபவர் யாரும், தாம் வாங்கியது மலிவானது என்று எதிர்வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்க விரும்புவதில்லை.

கேள்வி: மகள் வீட்டுக்கு ஒசாகா போயிருந்தேன். அங்கே தெருவெல்லாம் பெட்டி பெட்டியாகக் குட்டிக் கார்கள். ஜப்பானியருக்கு இல்லாத பயம் நமக்கு மட்டும் ஏன்?
— வாசகி, திருச்சி

பதில்: நீங்கள் பார்த்தவை ‘கேய்’ என்ற வகுப்பைச் சேர்ந்தவை. மஞ்சள் எண்பலகை அவற்றின் அடையாளம். 3.4 மீட்டர் நீளம், 1.48 மீட்டர் அகலம், 660 சிசி எஞ்சின் என்பது அரசு வகுத்த எல்லை. ஜப்பானில் விற்கும் புதிய கார்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இவையே. நமக்கும் இவை அந்நியம் அல்ல. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800, சுசுகியின் கேய் கார் ஒன்றை எடுத்து அதில் 796 சிசி எஞ்சினைப் பொருத்தியதுதான். எங்கள் தெருவில் அது முதன்முதலில் வந்தபோது ‘பெரிய கார்’ என்று நாங்கள் வாயைப் பிளந்து பார்த்தது நினைவிருக்கிறது.

பயமில்லாமைக்குக் காரணம் இரண்டு. 1998இல் ஜப்பான் இந்த வகுப்பின் நீளத்தைப் பத்து சென்டிமீட்டரும் அகலத்தை எட்டு சென்டிமீட்டரும் கூட்டியது. மோதல் பாதுகாப்பு விதிகளுக்கு ஈடுகொடுப்பதற்காகவே அந்த மாற்றம். அதாவது சிறிய காருக்கும் வலுவான கூடு வேண்டும் என்பது அங்கே முன்பே முடிவாகிவிட்டது. இன்னொன்று, அவை ஓடும் சாலைகள். ஜப்பானில் வேறு பலகை இல்லாத சாதாரணச் சாலைகளில் உச்ச வேகம் 60 கிலோமீட்டர். விதியை மீறித் தவறான திசையில் வரும் வண்டிக்கும் அங்கே யாரும் பழகியவர்கள் அல்லர். மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடியாகப் பெருகுவதால், வேகத்தைப் பாதியாக்கினால் அடி கால்வாசியாகிவிடுகிறது; முந்தைய பதிலில் சொன்ன எடைப் பாதகமும் அந்த வேகத்தில் பெரும்பாலும் தாங்கக்கூடிய அளவுக்கு இறங்கிவிடுகிறது.

கேள்வி: அலுவலகம் 14 கிலோமீட்டர் தொலைவில். மின்சாரக் குட்டிக் கார் வாங்கினால் போதுமா? மாதம் ஒருமுறை காஞ்சிபுரம் போய் வருவோம்.
— மென்பொருள் ஊழியர், வேளச்சேரி

பதில்: அலுவலகத்துக்குத் தாராளமாகப் போதும். காமெட்டின் பேட்டரி 17.3 கிலோவாட் மணி. சான்றளிக்கப்பட்ட தூரம் 230 கிலோமீட்டர். ஏசியும் நெரிசலும் உள்ள சென்னையில் அதில் நான்கில் மூன்று பங்கை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்வது என் வழக்கம். அப்படிப் பார்த்தாலும் நாளொன்றுக்கு 28 கிலோமீட்டர் ஓடும் உங்களுக்கு வாரம் ஒருமுறையோ இருமுறையோ சார்ஜ் செய்தால் போதும். 3.3 கிலோவாட் சார்ஜரில் முழுதும் ஏற ஏழு மணி நேரம் ஆகும், இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம். குடியிருப்புச் சங்கத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கி, உங்கள் மீட்டரிலிருந்தே தனிக் கம்பி இழுத்து, நல்ல எர்த் இணைப்புடன் சார்ஜிங் முனை போடுங்கள். பொதுமீட்டரிலிருந்து இழுத்தால் சண்டை வரும். நீட்டிப்பு ஒயர் போட்டால் சண்டையைவிடப் பெரிய ஆபத்து வரும்.

காஞ்சிபுரம் போய்த் திரும்ப ஏறத்தாழ 150 கிலோமீட்டர். தூரத்தால் முடியும், ஆனால் மிச்சம் சொற்பமாக இருக்கும். வழியில் ஒரு மாற்றுப்பாதை வந்தால்கூட மனம் பேட்டரி முள்ளிலேயே இருக்கும். அந்தக் காரின் திறன் 42 குதிரைசக்தி என்பதையும், சக்கரங்கள் 12 அங்குலமே என்பதையும், பெங்களூரு நெடுஞ்சாலையில் உங்களைச் சுற்றி ஓடுபவை பெரும்பாலும் கன்டெய்னர் லாரிகள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த ஒரு நாளுக்கு ரயிலோ வாடகைக் காரோ நல்லது. வேளச்சேரி என்பதால் இன்னொன்று: தெருவில் தேங்கிய நீரின் ஆழம் தெரியாவிட்டால் எந்தச் சிறிய காரையும் அதில் இறக்காதீர்கள். பெட்ரோல் கார் தண்ணீரில் நின்றுபோனால் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டாம். சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால் அந்த முயற்சியில்தான் எஞ்சின் உடையும்.

கேள்வி: ஆல்டோ வைத்திருக்கிறோம். பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் ஐந்து பேராகக் கும்பகோணம் பக்கம் சொந்த ஊருக்குப் போகிறோம். போகலாமா, கூடாதா?
— இல்லத்தரசி, தாம்பரம்

பதில்: போகலாம், ஆனால் எப்படிப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஐந்து பெரியவர்களும் அவர்கள் பெட்டிகளும் சேர்ந்தால் ஏறக்குறைய காரின் சொந்த எடையில் பாதி ஏறிவிடுகிறது. வண்டி வேகமெடுக்கக் கூடுதல் நேரமும், நிற்கக் கூடுதல் தூரமும் ஆகும். தனியாக ஓட்டும்போது பேருந்தை எளிதாக முந்திய அதே காரை நம்பி, விக்கிரவாண்டிக்குப் பிறகு வேலை நடக்கும் ஒரு துண்டில் எதிரே லாரி தெரிய முந்தப் போவதில்தான் ஆபத்து இருக்கிறது. புறப்படும்முன், முழுச் சுமைக்கு உற்பத்தியாளர் சொன்ன அளவுக்கு டயரில் காற்று நிரப்புங்கள். அந்த அளவு ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும். 2019க்குப் பின் வந்த கார்களில் 80 கிலோமீட்டரைத் தாண்டியதும் ஒலிக்கும் எச்சரிக்கையை எரிச்சல் என்று நினைக்காமல் அதை உச்ச வரம்பாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் டிக்கி குட்டையானது. பின்னிருக்கையில் இருப்பவரின் தலைக்கும் கண்ணாடிக்கும் இடையே அதிக இடம் இல்லை. ஆகவே பின்னால் வரும் வண்டி இடிக்கக்கூடிய சாலையோரத்தில் நிறுத்தித் தேநீர் குடிக்காமல், சாலையை விட்டு விலகிய இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். இரவுப் பயணத்தை அடியோடு தவிருங்கள். பின்விளக்கு இல்லாமல் நிற்கும் லாரிக்கு அடியில் தாழ்ந்த முன்பக்கம் கொண்ட கார் நுழைந்துவிட்டால் ஏர்பேக்கோ நட்சத்திரமோ உதவிக்கு வராது. ஆண்டில் இரண்டு பயணங்களுக்காகப் பெரிய கார் வாங்கி மற்ற நாளெல்லாம் தாம்பரம் சந்தையில் அதை நிறுத்த இடம் தேடச் சொல்லமாட்டேன். இருவர் ரயிலில் போக, மூவர் காரில் போவது எளிய வழி.

கேள்வி: மூன்று வயதிலும் ஏழு வயதிலும் குழந்தைகள். சிறிய காரில் எங்கே, எப்படி உட்கார வைப்பது?
— வாசகி, சேலம்

பதில்: இருவரையும் பின்னால் உட்கார வையுங்கள். மூன்று வயதுக் குழந்தைக்குக் குழந்தை இருக்கையும், ஏழு வயதுக் குழந்தைக்குப் பெல்ட் கழுத்தில் படாமல் தோளில் படும்படி உயர்த்தும் பூஸ்டரும் வாங்குங்கள். மடியில் வைத்துக்கொண்டால் பத்திரம் என்பது நம் தாய்மார்களின் நம்பிக்கை. 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி மோதி நின்றால் பதினான்கு கிலோ குழந்தையை எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. முன்னால் ஏர்பேக் இருக்கும் இருக்கையில் மடியில் குழந்தையோடு அமர்வது இன்னும் மோசம்.

கார் வாங்கும்போது ‘எத்தனை நட்சத்திரம்’ என்று கேட்பவர்கள்கூடக் குழந்தைகளுக்கான நட்சத்திரத்தைக் கேட்பதில்லை. அது தனியாகத் தரப்படுகிறது. 2023இல் ஆல்டோ கே10 பெரியவர்களுக்கு இரண்டு நட்சத்திரமும் குழந்தைகளுக்குப் பூஜ்ஜியமும் பெற்றது. அந்த மதிப்பெண் மோதலில் பொம்மைக்குப் பட்ட அடியை மட்டும் பார்த்துத் தரப்படுவதில்லை. குழந்தை இருக்கையை மாட்டுவதற்கான ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் உண்டா, எல்லா இருக்கைக்கும் மூன்று முனைப் பெல்ட் உண்டா, முன்னிருக்கை ஏர்பேக்கை அணைத்துவைக்க வழி உண்டா என்பவையும் அதில் சேரும். ஷோரூமில் பின்னிருக்கையின் இடுக்கில் கையை விட்டு அந்தக் கொக்கிகளைத் தொட்டுப் பாருங்கள். குழந்தை இருக்கையை வாங்கியபின் கொண்டுபோய்ப் பொருத்தாமல், கடையிலேயே உங்கள் காரில் பொருத்திப் பார்த்து வாங்குங்கள்; இந்தக் கார்களில் முன்னிருக்கையை வெகுவாக முன்னே தள்ளினால்தான் சில இருக்கைகள் பின்னால் அடங்கும்.

கேள்வி: காருக்குப் பதிலாக பஜாஜ் க்யூட் வாங்கினால்?
— வாசகர், புதுச்சேரி

பதில்: அது சட்டப்படி கார் அல்ல, குவாட்ரிசைக்கிள் என்ற, நான்கு சக்கர இலகு வண்டிகளுக்கான தனி வகை. 216 சிசி எஞ்சின், 70 கிலோமீட்டர் உச்ச வேகம். 2016இல் யூரோ என்கேப் 50 கிலோமீட்டர் வேகத்தில் சோதித்தபோது ஒரு நட்சத்திரம் பெற்றது. ஆட்டோவுக்கு மாற்றாகப் பார்த்தால் முன்னேற்றம். குடும்பக் காருக்கு மாற்றாக நான் பரிந்துரைக்கமாட்டேன்.

கேள்வி: மகள் ஓட்டிப் பழக 2014ஆம் ஆண்டு ஆல்டோ ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது. வாங்கலாமா?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: வேண்டாம். ஓட்டிப் பழகுபவர் செய்யும் தவறும் பழைய வண்டியும் ஒன்றாகச் சேரக் கூடாது. கூடுதலாகப் பணம் போட்டு, 2019 அக்டோபருக்குப் பின் தயாரான காராகப் பாருங்கள். அந்த ஆண்டு ஏப்ரலில் எல்லாக் கார்களுக்கும், அழுத்திப் பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது. ஜூலையில் ஓட்டுநர் ஏர்பேக்கும் சீட் பெல்ட் நினைவூட்டலும் பின்பக்க சென்சாரும் வந்தன. அக்டோபரில், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களும் 56 கிலோமீட்டர் வேக முன்பக்க மோதல் சோதனையில் தேற வேண்டும் என்ற விதி வந்தது. 2022இலிருந்து முன்னிருக்கைப் பயணிக்கும் ஏர்பேக் கட்டாயம் என்பதால், முடிந்தால் அதற்குப் பிந்தையது இன்னும் நல்லது. பதிவு ஆண்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். வண்டியில் பொறித்த தகட்டில் தயாரிப்பு மாதம் இருக்கும், அதைப் பாருங்கள்.

பிறகு சாவியைப் பாதி திருப்பி, எஞ்சினை ஓடவிடாமல் டாஷ்போர்டைக் கவனியுங்கள். ஏர்பேக் விளக்கு சில நொடிகள் சிவப்பாக எரிந்து தானாக அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் ஏர்பேக்கில் கோளாறு இருக்கிறது. விளக்கே எரியவில்லை என்றால், எப்போதோ மோதி ஏர்பேக் வெடித்த வண்டியில் அந்தக் கோளாறை மறைக்க யாரோ விளக்கைத் துண்டித்திருக்கக் கூடும். விலை எவ்வளவு குறைந்தாலும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.